பர்ஹானா கேட்ட வேலை

மச்சானுக்கு ஸலாம்.

போனில் சொன்னால் சிரித்தே மழுப்பிவிடுவீர்கள் என்றுதான் எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்து வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் பள்ளிக்கூட டீச்சர் என்னை நிறுத்திச் சொன்னார். வளர்ந்து என்ன ஆவீர்கள் என்று கேட்டதற்கு, மற்றப் பிள்ளைகள் டாக்டர், கலெக்டர் என்றார்களாம். நம் மகள் பர்ஹானா, விருந்தாளி ஆவேன் என்றாளாம்.

"ஏங் கண்ணு, அதொரு வேலையா?" என்று வீட்டில் கேட்டேன்.

"அத்தா அதானே பாக்குறாரு? துபாய்லருந்து வந்தா சுடுதண்ணி, புதுக் கம்பளி, கோழிக்கறி. அப்புறம் போயிருவாரு."

நொம்பச் சிரித்தேன்.

இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே வேலை பார்க்கக் கையெழுத்துப் போடட்டுமா என்று கேட்டீர்களே, அது உங்கள் இஷ்டம். வந்து இங்கேயே தங்குவதானால், மறுநாளே பையைக் கொடுத்து ரேஷன் கடை வரிசைக்கு அனுப்பிவிடுவேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி