நாற்பத்தாறு பேரில் ஒருவன்

ராஜா அண்ணாமலைபுரம்
ஞாயிறு காலை

அன்பு மகள் அன்புக்கரசிக்கு அப்பா எழுதுவது.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. பேத்தியின் முதல் பல் படத்தைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள்.

தமிழ் சரிபார்க்க நீ அனுப்பிய ஆய்வுச் சுருக்கத்தைப் படித்தேன். பதிவேட்டில் இருப்பது ஒன்று, நடந்தது ஒன்று, அதை நடக்கவைத்தது கண்ணுக்குத் தெரியாமல் கீழே இருக்கும் வேறொன்று என்கிற உன் விமர்சன யதார்த்தவாதம் எனக்குப் புரிகிறது. மின்விசிறி சுற்றவில்லை என்பதற்காக அதற்குச் சுற்றும் சக்தி இல்லை என்று எழுதிவிட முடியாது. மெயின் சுவிட்சை யார் அணைத்தது என்று பார்க்க வேண்டும்.

நம் பகுதி நீதிமன்றக் கணக்கில் 'சம்மன் அனுப்பியும் ஆஜராகாமல் தலைமறைவானவர்கள்: நாற்பத்தாறு பேர்' என்று போட்டிருக்கிறாய். பெயர்கள் இல்லை. ஆனால் அதில் ஒருவன் செம்பியன்.

என்னிடம் படித்தவன், தேவானையின் மகன். ஆற்றங்கரையில் இருந்த வீட்டை இடித்து ஊருக்கு வெளியே ஒரு காலனிக்கு அனுப்பினார்களே, அந்தக் குடும்பம். "அந்தக் காலனி பேரப் போட்டா எவனும் வேல தர மாட்டேன்றான் சார்" என்றான். நம் முகவரியைக் கொடுத்தேன். ஆதாரிலும் அதுவே ஏறியது. வேலை கிடைத்தது.

பிறகு ஒரு பைக் திருட்டில் சந்தேகத்தின் பேரில் பிடித்து ஜாமீனில் விட்டார்கள். சம்மன் வந்தால் சார் போன் செய்வார் என்று அவன் நிம்மதியாக இருந்தான். காவலர் இரண்டு முறை கொண்டுவந்திருக்கிறார். வீடு பூட்டியிருந்தது. உன் பிரசவத்துக்காக நாங்கள் அங்கே இருந்த மூன்று மாதம் அது. ஊருக்குப் போவதை அவனிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வாரண்ட் போட்டுப் பிடித்துப்போனார்கள். ஒன்பதாம் நாள் தேவானை போய்விட்டாள். கொள்ளி வைக்க ஒரு மணி நேரம், போலீஸ் காவலில் கூட்டிவந்தார்கள். தலை குனிந்து நின்ற என்னிடம், "நீங்க இன்னா சார் பண்ணுவீங்க, வுடுங்க. பேத்தி எப்டி கீது?" என்று கேட்டான்.

இன்னும் உள்ளேதான் இருக்கிறான். வியாழக்கிழமை ஜாமீன் மனு வருகிறது. நீதிபதியிடம் நானே சொல்கிறேன் என்று வக்கீலைக் கேட்டிருக்கிறேன். கேட்பார்களோ, மாட்டார்களோ. நீயாவது எழுது அம்மா. ஓடிப்போகவில்லை, அவனுக்கு முகவரி கொடுத்தவர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளைப் பார்க்கப் போயிருந்தார் என்று எழுது. அப்பாவாயிற்றே என்று விட்டுவிடாதே.

பேத்தி நோய்நொடியில்லாமல் வளரட்டும். அவளை மடியில் வைத்திருந்த நாட்களை நினைத்தால் எனக்குச் சந்தோஷம் மட்டுமே வர வேண்டும் என்று வேண்டிக்கொள்.

உன் அப்பா,
கோதண்டபாணி