கரடியூர்க் கோழி

புதன், இரவு.

இல்லை, கோழி பிழைக்கும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றுதான் சொன்னேன்.

சாக்கு நார்களை விழுங்கித் தீனிப்பை அடைத்துப்போன கோழியைக் கரடியூரிலிருந்து கூடையில் கொண்டுவந்தார் செல்லம்மாக்கா.

“ஏனுங்க டாக்டரம்மா, கோழிக்கெல்லாம் ஆபரேசனுங்களா? நாங்கன்னா குழம்பு வெச்சுருவமுங்க” என்று சிரித்தார்.

நான்தான் வற்புறுத்தி, மயக்க மருந்து கொடுத்து, அறுத்து நார்களை எடுத்தேன். மருந்து ஏறிய கோழி. இனிச் செத்தால் அவருக்குக் குழம்புக்கும் ஆகாது.

நாளை பறவை மருத்துவ மேற்படிப்புக்கு நேர்முகத் தேர்வு. ஏன் பறவை என்று நிச்சயம் கேட்பார்கள். இன்று காலை வரை என்னிடம் ஒரு பதில் இருந்தது.

கோழி இன்னும் தலை தூக்கவில்லை. உடம்பு சில்லென்றிருக்கிறது.

காலை பஸ்ஸுக்கு எடுத்துவைத்த பையிலிருந்து சால்வையை உருவி, கோழியின்மேல் போர்த்தினேன்.