வலப்பக்கத்து ஆள்

அண்ணா,

இன்று நம் ஊர்க் கோயிலில் கதினா வெடி போட்டார்கள். கரிமருந்து வாடை மூக்கில் ஏறியதும் என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்றவர் பீடி தேடுகிறேன் என்று நினைத்துத் தீப்பெட்டி நீட்டினார்.

ஆரியங்கோட்டு ரப்பர் தோட்டத்துத் துரை ஊரைவிட்டுப் போகும்போது உன் தலையில் கட்டிய அந்தப் பழைய பம்ப் துப்பாக்கியோடு, ஊர்ப்பேச்சில் தோக்கோடு, நாம் படாத பாடு பட்டோம். முன்கட்டையைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வலப்பக்கம் தெறிக்க வேண்டும். உள்ளே கொக்கி தேய்ந்துபோனதால் பாதி நேரம் தெறிக்காது. மழைக்காலத்தில் காகிதத் தோட்டா வேறு ஊதிக்கொண்டு குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். நீ சுடுவாய், நான் உன் வலப்பக்கம் நின்று மூங்கில் சிம்பால், மெல்லிய கீற்றுக் குச்சியால், கூட்டை நெம்பி எடுப்பேன். கத்தியை எடுத்தால் போதும், ஏச்சு விழும்: "இரும்பு தொட்டா கீறும்லே. சிம்பு போதும்." ஒரு தோக்குக்கு ரெண்டு ஆளா என்று கேலி பேசிய ஊர்தான், மரச்சீனிக் கிழங்குக் காட்டில் பன்றி இறங்கினால் நம்மைத் தேடி ஓடி வரும்.

நம் ஊர் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம் போனதில் என்னைப் பிடித்து உள்ளே போட்டார்கள். நீ பார்க்க வந்தாய். இந்தக் கொடி, கோஷம் எதுவும் உனக்கு ஆகாது. ஆனாலும் ஒரு வார்த்தை ஏசவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாய்: "நீ வாறது வரைக்கும் தோக்கைத் தொட மாட்டேன் மக்கா. நீ இல்லாம அது வெறும் கம்பாக்கும்."

நம்பித்தானே இருந்தேன், பாவி நான்.

ஒரு விடியற்காலையில், வயலில் பன்றி கிழங்கைப் புரட்டிப் போடுவதைப் பார்த்து உனக்குப் பொறுக்கவில்லை என்று அண்ணி சொன்னாள். முதல் வெடி அதன் தொடையில் பட்டது. அது உன் மேல் திரும்பியபோது முன்கட்டையை இழுத்திருக்கிறாய். கூடு வரவில்லை. அண்ணி ஓடி வந்து பார்க்கும்போது வரப்பில் கிடந்தாயாம். உன் கையில் சிம்பு இருந்ததாம்.

கடைசியாக உன் முகத்தைப் பார்க்கக்கூட ஜெயிலிலிருந்து என்னை விடவில்லை. உள்ளே போன காரியமாவது நடந்ததா? மாநில எல்லைக் கோடு பாறசாலைக்குத் தெற்கே விழுந்தது. நம் வீடு தமிழ்நாட்டோடு சேராமல் இந்தப் பக்கமே நின்றுவிட்டது.

துப்பாக்கியை அண்ணி ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டாள். சிம்பை என்னிடம் தந்தாள். சட்டை மாற்றும்போதெல்லாம் அதையும் மாற்றி வைத்துக்கொள்கிறேன். இன்றும் அதைத்தான் தேடினேன். கையில் எடுத்துக்கொண்டு இடப்பக்கம், நீ நிற்கும் பக்கம், திரும்பினேன்.

அங்கே யாரோ ஒருவர் தீப்பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார், அண்ணா.