சூடு சீக்கிரம் ஏறுகிறது

மார்ச் 4, திங்கள்

இன்றைக்கும் மதிப்புரைகளுக்கு முடி வெட்டும் வேலைதான். கடையின் இணையதளத்தில் பொருள் வாங்கியவர்கள் எழுதுவதைப் பிழை திருத்தி, சுருக்கி, ஏற்றுவது. பக்கத்து இருக்கைக்காரனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் அரைவரி. ஒரு பக்கம் எழுதி வந்தாலும் அவன் கை பட்டால் அரை வரிதான் மிஞ்சும். என் கை அவ்வளவு மோசமில்லை என்று எனக்கு ஒரு பெருமை.

மதியம் மின்சார ஒத்தடப் பைக்கு ஒருவர் எழுதியிருந்தார்: "அம்மாவுக்கு வாங்கினேன். சூடு சீக்கிரம் ஏறுகிறது. அவருக்குக் கால் மரத்திருப்பதால் சுட்டது தெரியவில்லை. கொப்புளம், ஆஸ்பத்திரி என்று ஆகிவிட்டது. கால் மரத்தவர்களுக்கு இதை வைக்காதீர்கள்." இவ்வளவுக்கும் மூன்று நட்சத்திரம் போட்டிருந்தார். நல்ல மனிதர்.

காயம், மருந்து, ஆஸ்பத்திரி பற்றிய பேச்சு மதிப்புரையில் இருக்கக்கூடாது, வெட்டி சேவைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும் என்பது எங்கள் விதி. அனுப்பினேன். முதல் இரண்டு வாக்கியங்கள் மட்டும் தளத்தில் ஏறின.

மார்ச் 5

பல் தேய்க்கும்போதும் அந்த மனிதரின் கடைசி வரி. ஊருக்கெல்லாம் சொன்னார். என்னிடம் மட்டும் சொன்னதாக ஆகிவிட்டது.

மார்ச் 7

மனசு கேட்காமல் சேவைப் பிரிவில் விசாரித்தேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "பையைத் திருப்பி வாங்கிட்டோம், புகார் முடிஞ்சது" என்றாள்.

"மத்தவங்களுக்கு யார் சொல்றது?"

"அது எங்க வேலை இல்லையே."

அவள் வெடுக்கென்று சொல்லவில்லை. உண்மையிலேயே அது அவள் வேலை இல்லை. என் வேலையும் இல்லை. பின்னே யார் வேலை?

மார்ச் 10, ஞாயிறு

அண்ணன் வீட்டுக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். அறைக்குள் நுழைந்ததும் களிம்பு வாசனை. அம்மா போர்வையை இடுப்புவரை இழுத்துவிட்டுக்கொண்டு, "வா, இளைச்சுப் போயிட்டியே" என்றாள். கட்டிலின் கால்மாட்டில் நீல நிறத்தில் அது கிடந்தது, வயரோடு.

அண்ணி சந்தோஷமாகத்தான் சொன்னாள். "அத்தைக்குக் கால் குடையுதுன்னு செவ்வாய்க்கிழமை ஆர்டர் போட்டேன். யாரோ அவங்க அம்மாவுக்கே வாங்கியிருக்காங்க, சூடு சீக்கிரம் ஏறுதாம். நீ வேலை பாக்குற இடம்தானேன்னு நம்பி வாங்கிட்டேன்."

நான் போர்வையை இழுத்தேன். அம்மா விடவில்லை. ஒரு போர்வைக்கு இரண்டு பேரும் மல்லுக்கட்டினோம். சுண்டு விரலிலும் பாதத்தின் ஓரத்திலும் — இல்லை, எழுத வரவில்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை. கால் மரத்துப் பல வருஷமாச்சு. எனக்குத் தெரியாதா? தெரியுமே. தெரிஞ்சுதானே வெட்டுனேன்.

மார்ச் 12

ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டி வரும் என்கிறார் டாக்டர். "அண்ணிகிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "உங்க ஆபீஸ் சாமான். பெரிசு பண்ணா உன் வேலைக்கு ஏதாவது ஆயிடும்ல" என்றாள் அம்மா.

வராந்தாவில் வைத்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அதன்பிறகு அண்ணி என்னோடு பேசவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 13

ஏற்றிய மதிப்புரையை மறுபடி திறக்க மேலாளரால்தான் முடியும். வெட்டியதைத் திரும்பச் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினேன். "அம்மாவுக்கு இப்படி ஆனது கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா நாம பொய் எழுதலைம்மா. அவர் எழுதாத ஒரு வார்த்தையாவது சேர்த்தோமா?" என்றார்.

சேர்க்கவில்லை. ஒரு வார்த்தைகூட சேர்க்கவில்லை. அதுதான் என்னை அரிக்கிறது.

மார்ச் 15

அம்மாவே கேட்டாள். "நான் சொல்றேன், நீ எழுதிப் போடு." பையை ஆர்டர் போட்ட தன் போனை அண்ணி நீட்டினாள். அம்மா சொல்லச் சொல்ல ஓர் எழுத்து மாற்றாமல் தட்டினேன்:

"எனக்கு வயசு எழுபத்தொண்ணு. கால்ல உணர்ச்சி கிடையாது. மருமக ஆசையா வாங்கிக் கொடுத்தா, அவமேல ஒரு தப்பும் இல்ல. சுட்டது எனக்குத் தெரியல, வாசனை வந்துதான் தெரிஞ்சுது. என்னை மாதிரி ஆளுங்க இருக்கிற வீட்டுல இதை வாங்காதீங்க."

வாசனை வந்துதான்.

மார்ச் 16

எங்கள் சொந்தக்காரர்கள் எழுதுவது எங்கள் கைக்கே வராது, அடுத்த இருக்கைக்குப் போகும். அரைவரியிடம், "இதை மட்டும் அப்படியே விட்டுடுப்பா" என்றேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் "பாக்கலாம்" என்றான்.

மார்ச் 18, திங்கள்

ஏறிவிட்டது. "மருமகள் ஆசையாக வாங்கிக் கொடுத்தாள்." அவ்வளவுதான்.

அரைவரியின் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். "மேலாளர் பின்னாடியே நின்னாரு. என் இடத்துல நீ இருந்தாலும் இதைத்தானே செஞ்சிருப்ப?" என்றான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாளைக் காலையில் விரலை எடுக்கிறார்கள். அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. "நான் சொன்னது வந்துருச்சா? வாசி, கேக்கலாம்" என்றாள்.

போனைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தேன். வயசு, உணர்ச்சியில்லாத கால், மருமகள், வாசனை, வாங்காதீங்க, எல்லாவற்றையும். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் விடலையே?"

"விடலம்மா."

"அப்ப இனிமே யாரும் வாங்க மாட்டாங்க."

"மாட்டாங்கம்மா" என்றேன்.