ஏலக்காய் ஸ்டோரில் படித்த சீனம்

ஏட்டி,

இன்று காலை நடந்ததை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். நீ செத்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன்.

குமுளியில் என் மகள் வைத்திருக்கும் மசாலாக் கடையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். மலேசியாவிலிருந்து ஊர் சுற்றிப் பார்க்க வந்த ஒரு சீனத்து அம்மாவும் மகளும் உள்ளே நுழைந்தார்கள். ஏலக்காயைக் கசக்கி மோந்து பார்த்த மகள், தன் அம்மாவைப் பார்த்து "ஹோய் சாம்" என்றாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. "எனக்கும் ஹோய் சாம்தான்" என்று உளறிக் கொட்டினேன். இருவரும் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பெண் படபடவென்று என்னென்னவோ கேட்டாள். ஒரு மண்ணும் விளங்கவில்லை. நீ சொல்லிக் கொடுத்த படிப்பு அப்படி. சந்தோஷப்படத் தெரியும், பயப்படத் தெரியும், கோபப்படத் தெரியும். ஊரும் பேரும் சொல்லத் தெரியாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நீ வந்தாய். மலாயாவில் வேலை பர்மிட் கிடைக்காமல் உன் அப்பா குடும்பத்தோடு கப்பலேறி, எங்கள் ஏலத்தோட்டத்து லயத்திலேயே அடுத்த வீட்டில் குடியேறினார். மலாயாவில் இருந்தபோது உன் அப்பாவும் அம்மாவும் விடியுமுன்னே ரப்பர் பால் வெட்டப் போக, உன்னை வளர்த்தது மளிகைக் கடைச் சீனத்தம்மா. சாமான் பெயரெல்லாம் உன்னிடம் மலாயில் சொல்வாளாம். கொஞ்சுவதற்கும் ஏசுவதற்கும் மட்டும்தான் அவள் சொந்தப் பாஷை வருமாம். அதனால் அரிசிக்குச் சீனத்தில் என்ன என்று உனக்குத் தெரியாது. மனசுக்குள் நடப்பதற்கெல்லாம் வார்த்தை தெரியும்.

தோட்டத்து ஸ்டோரில் ஏலக்காயைத் தரம் பிரித்துப் பொறுக்கும்போது பேசக் கூடாது. கணக்கெழுதும் ரைட்டர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருப்பார். நீ தலையைத் தூக்காமல் முணுமுணுப்பாய். "சாம்னா மனசு புள்ள. ஹோய் சாம்னா மனசு தொறந்து கெடக்கு, சந்தோஷம். சூங் சாம்னா மனசுல அடிபட்டிருக்கு. தாம் சாம்னா மனசக் காவடி கட்டித் தூக்குத, அதான் கவலை. எறக்கி வச்சிட்டா ஃபோங் சாம்." நான் திருப்பிச் சொன்னால், "எரும கனைக்க மாதிரி சொல்லாத" என்பாய். எனக்கு ஒரே கொண்டாட்டம். பயத்துக்குக் கெங், கோபத்துக்கு நௌ. ரைட்டர் முகத்தைப் பார்த்து நௌவா ஹோய் சாமா என்று நாம் ஜோசியம் சொல்லிச் சிரிப்போம்.

எங்கள் வீட்டில் மனசைப் பற்றி யாரும் பேசியதில்லை. சாப்பிட்டியா, காய்ச்சல் விட்டுச்சா, அவ்வளவுதான் பேச்சு. எனக்குள் இத்தனை இருக்கிறது என்பதே சீனத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது.

அப்புறம் கம்பத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அரிசிக் கடைக்காரர் வீட்டுப் பையன். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் வாய் திறக்கக் கூடாது, பலகாரத் தட்டை நீட்டிக் கும்பிட்டுவிட்டு உள்ளே போக வேண்டும் என்பது நம்ம பக்கத்து வழக்கம். தோழியாக நீ காப்பித் தட்டோடு பக்கத்தில் நின்றாய். "எங்க வீட்டுப் பொம்பளைக வேலைக்குப் போறதில்ல. இனி இவ மலையேறி வரணும்னும் இல்ல" என்றாள் பையனின் அம்மா. அப்பா தலையாட்டினார்.

நீ மெதுவாக "ஹோய் சாம்?" என்றாய். "கெங்" என்றேன். எதற்குப் பயம் என்று கேட்க உனக்கு வார்த்தை இல்லை, சொல்ல எனக்கும் இல்லை. நீ என்ன செய்தாய்? பையன் பக்கம் திரும்பித் தமிழில் விசாரணையை ஆரம்பித்துவிட்டாய். "அண்ணே, தண்ணி எங்க எடுக்கணும்?" வீட்டுக்குள்ளேயே கிணறாம். என் முகத்தைப் பார்த்தாய். பயம் இதுக்கில்ல என்று கண்ணைக் காட்டினேன். "வீட்டுல எத்தன பேருக்கு ஒலை வைக்கணும்?" இதுக்குமில்ல என்றேன் கண்ணாலேயே. அப்பா உன்னை முறைத்தார். "காய் பொறுக்குறதுல இவ கைதான் மொதக் கை அண்ணே. ஆசப்பட்டா வேலைக்கு விடுவீகளா?" பையன் தன் அம்மாவைப் பார்த்தான். "அதான் வேண்டாம்னு சொல்லியாச்சே" என்றாள் அந்த அம்மா.

"நௌ" என்றேன். வீடே திரும்பிப் பார்த்தது.

நீ தட்டைக் கீழே வைத்தாய். "மாமா, இவளுக்கு இதுல இஷ்டமில்ல. சொல்லப் பயப்படுதா, அதான் நான் சொல்லுதேன்."

"புரியாத பாஷையில அவ என்னமோ சொன்னா. நீயா ஒண்ணக் கட்டிவிடுறியா?" என்றாள் பையனின் அம்மா.

அப்பா என் பக்கம் திரும்பினார். "நீயே சொல்லு தாயி."

அதுவரைக்கும் தமிழில் என் மனசை நான் யாரிடமும் சொன்னதில்லை. "எனக்குப் பிடிக்கலப்பா. வேலைய விட்டுட்டு என்னால இருக்க முடியாது" என்றேன். உள்ளே என்னவோ துள்ளிக் குதித்தது. அந்தச் சந்தோஷம் மாதிரி இன்னொன்றை நான் கண்டதில்லை.

அப்பா வெகுநாள் என்னோடு பேசவில்லை. நீ எங்கள் வாசப்படி மிதிக்கக் கூடாது என்றார். நாம் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் பேசிக்கொண்டோம். பிறகு நம் தோட்டத்து லாரி டிரைவரை, உன்னிடம் ஹோய் சாம் என்று சொல்லிவிட்டுத்தான் கட்டினேன். கிழவிகளாகும் வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காய் பொறுக்கினோம்.

ஒருநாள் கேட்டேன், ஒருத்தரைப் பிரிந்து ஏங்குவதற்குச் சீனத்தில் என்ன வார்த்தை என்று. நீ கையை நிறுத்தி யோசித்தாய். "அத அந்தம்மா சொல்லித் தரல புள்ள. நாந்தான் எந்நேரமும் அவ மடியிலயே கெடந்தேனே. அப்பம் அது எதுக்கு?"

கம்பத்துக்குப் போகவிடாமல் நீ என்னை நிறுத்தினாய். கடைசி வரை கூப்பிடு தூரத்தில் இருந்தாய். எனக்கும் அந்த வார்த்தை தேவைப்படவே இல்லை. இப்போது தேவைப்படுகிறது. சீனத்தில் தெரியாது. அன்று அப்பா முன்னால் சொன்ன மாதிரி வாயைத் திறந்து தமிழிலேயே சொல்கிறேன்.

எனக்கு உன்னைத் தேடுது, ஏட்டி.