எஃபா, ஜேயா

அமெரிக்காவுக்குப் போகும் ஆராய்ச்சி மாணவருக்கு,

மந்தைவெளி ஜெராக்ஸ் கடைக்காரர் உன் விசா காகிதங்களோடு என்னுடையதையும் பிரதி எடுத்துக்கொண்டே கேட்டார்: "எஃப்-டூவாம்மா? அதுல போனா அங்க நீங்க வேலைக்குப் போக முடியாதே. சார் சொல்லலியா?"

சார் சொல்லவில்லை. பின்னால் நான்கு பேர் நின்றார்கள். எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் படித்தேன். எஃப் விசாவா, ஜே விசாவா என்று பல்கலைக்கழகம் உன்னைத்தான் கேட்டிருக்கிறது. எஃப் என்றால் மனைவிக்கு எஃப்-டூ; அவள் வீட்டில் உட்கார வேண்டும். ஜே என்றால் அனுமதி வாங்கி நானும் வேலை பார்க்கலாம்; ஆனால் படிப்பு முடிந்ததும் நீ ஊர் திரும்ப வேண்டி வரலாம். அந்த ஒரு சந்தேகத்துக்குப் பயந்து எஃப்பைத் தேர்ந்தெடுத்து, உன் படிப்பு முடியும்வரையிலான என் ஐந்து வருடத்தைச் சமையலறைக்கு எழுதி வைத்துவிட்டாய்.

விசா இன்டர்வியூவுக்கு நல்ல நாள் பார்க்க உன் அம்மா என் ஜாதகத்தைக்கூட வாங்கிப் போனார். ஜோசியருக்கு என் நட்சத்திரம் வேண்டியிருந்தது. எஃபா, ஜேயா என்று என்னிடம் கேட்க மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"உனக்கும் ஒரு பிரேக் கிடைக்கும்ல" என்று போன வாரம் நீ சொன்னது இப்போதுதான் புரிகிறது. அடையாறு கிளினிக்கின் மூன்றாம் அறையில் ஒன்பது வருடமாக, எழுந்து நிற்க முடியாதவர்களை நடக்க வைக்கிறேன். நான் யாரிடமும் ஓய்வு கேட்கவில்லை.

உன் ஃபைல் மேஜைமேல் இருக்கிறது. அதிலிருந்து என் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டேன். ஃபோன் செய்யாதே. எட்டு மணி வரை எனக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு,
மூன்றாம் அறை பிசியோதெரபிஸ்ட்