வாய் நிறைய எண்ணெய்

கொடைக்கானல்
வியாழன்

அன்புள்ள ஆக்ஸிலியாவுக்கு,

நேற்றுக் காலை நீ போன் செய்தபோது நான் "ம்ம்" என்று மட்டும் சொன்னது கோபத்தில் அல்ல. வாய் நிறைய எண்ணெய் இருந்தது. துப்பிவிட்டு வருவதற்குள், "இன்னும் கோவம் தீரலையாடி? சரி, வச்சிடுறேன்" என்று வைத்துவிட்டாய். திருப்பி அழைத்தேன், நீ எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியில், "வாய் நாறுதுடி, பல் டாக்டரப் பாரு" என்று என் காதில் சொன்னாய். அதற்காக இரண்டு மாதம் உன்னோடு பேசாமல், பாட்டுக் குழுவில் என் பக்கத்தில் உன் இடத்தில் லீமாவை நிறுத்திக்கொண்டேன். அவள் எதுவும் சொல்லவில்லை. வாரத்துக்கு ஓர் அடியாகத் தள்ளிப்போய், இப்போது கீபோர்டுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிறாள். அதைப் பார்த்துத்தான் நீ சொன்னது எனக்கு உறைத்தது.

டாக்டர் சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கி, மற்றதையெல்லாம் சுத்தம் செய்தார். எண்ணெய் கொப்பளிப்பது என் சொந்த ஏற்பாடு. இந்தக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் கல்லாகக் கிடக்கிறது. தினமும் வெந்நீரில் வைத்து உருக்க வேண்டியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு வா. நம் இருவருக்கும் ஒரே பாட்டுப் புத்தகம் போதும். ஒட்டி நில். இன்னும் நாறினால், அதையும் என் காதிலேயே சொல்.

இப்படிக்கு,
உன் இடத்தை இனி யாருக்கும் கொடுக்காதவள்